கொக்குக் குமாரியின் கோப்பு

மனித குலம் காதலைப் பற்றி இதுநாள்வரை எழுதியது, பாடியது, அழுதது எல்லாவற்றையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். திருமணப் பதிவு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் ஒரு சீனத் தொடரைப் பற்றி எழுதிய நாற்பத்தேழு கருத்துரைகளை மறு தட்டில் வையுங்கள். இரண்டாவது தட்டுதான் தாழும். பழைய தாள் வாங்குகிறவரின் எடைக் கணக்கு வேறு. இங்கே பேசுவது உணர்ச்சியின் கனத்தைப் பற்றி. அதிலும் அந்த நாற்பத்தேழாவது கருத்துரை இருக்கிறதே, அதைப் படித்து ஓர் உயர் அதிகாரியே கண்கலங்கினார். இது கோப்பில் ஏறிய உண்மை.

தொடரின் பெயர் ‘வெண்பனிச் சிகரத்தில் ஒன்பது சத்தியங்கள்’. மொத்தம் ஐம்பத்தாறு பாகங்கள். நாயகன் பனிமலையின் பிரபு. வயது ஏழாயிரம், பார்த்தால் இருபத்திரண்டு. முழங்கால்வரை வெள்ளை முடி. பதினெட்டாம் பாகத்தில் ஒரு தடவை சிரித்தான்; அதற்குப் பிறகு அந்தத் தவறைச் செய்யவில்லை. நாயகி ஐந்நூறு ஆண்டு தவம் செய்து பெண்ணுருவம் பெற்ற கொக்கு. அவள் பாறையிலிருந்து வழுக்கி விழ, அவன் அந்தரத்தில் தாங்கிப் பிடிக்க, இருவரும் ஏழு சுற்று சுற்றினார்கள். அதை ஐந்து கோணத்தில் காட்டினார்கள். மேலிருந்து பூ கொட்டியது. மரமே இல்லாத பனிமலையில் பூ எங்கிருந்து வந்தது என்று கேட்பவன் நல்ல ரசிகனல்லன்.

தலைமை எழுத்தர் கேட்கவில்லை. அவர் நல்ல ரசிகர்.

பெயர்களெல்லாம் அவர் வாயில் நுழையாததால் நாயகனை ‘வெள்ளைமுடி’ என்றும் நாயகியைக் ‘கொக்குக் குமாரி’ என்றும் குறிப்பிடுவார். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். நாயகனின் தந்தை, தேவலோகச் சக்கரவர்த்தி, குடிகாரப் பாம்பு மூவருக்கும் ஒரே குரல்தான். அது மிக்ஸி விளம்பரத்தில் கேட்ட குரல் என்பதால் சக்கரவர்த்தி சபிக்கும்போதெல்லாம் இரண்டு வருட உத்தரவாதம் உண்டோ என்று தோன்றும். தலைமை எழுத்தர் இதையும் பொருட்படுத்தவில்லை. ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் ‘நித்தியக் காதலன்’ என்ற பெயரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கருத்துரை எழுதினார். கையால் எழுதிக் கொடுப்பார்; இந்தத் தொடரை அவருக்கு அறிமுகப்படுத்திய கணினிக்காரப் பெண், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, அதைத் தட்டச்சு செய்து ஏற்றுவாள்.

அவருடைய இருக்கை இரண்டாம் தளத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியில் கீழே பார்த்து ஓர் அரைவட்ட ஓட்டை. குனிந்துதான் பேச வேண்டும். நிமிர்ந்து நின்று இந்த அலுவலகத்தில் யாரும் கல்யாணம் பதிந்ததில்லை. கைப்பேசியை மேசையின் மறுகோடியில், தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருப்பார். பக்கத்தில் வைத்தால் எல்லார் முகமும் ஒரே மாதிரி தெரிகிறது என்று சொல்வார். மனுக்களையும் கையை முழுதாக நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துத்தான் படிப்பார். மனு கடித்துவிடுமோ என்று பயப்படுவது போல இருக்கும்.

அந்த அலுவலகத்தில் ஒரு மகத்தான மரபு இருந்தது. ‘ஒரு தடவைக்கு ஒரு குறை.’ ஒரு மனுவில் ஒன்பது குறை இருந்தாலும் ஒரு வருகையில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அதைத் திருத்திக்கொண்டு வந்தால் அடுத்தது. இரண்டை ஒன்றாகச் சொன்னால் பொதுமக்கள் குழம்பிவிடுவார்கள் என்பது இவருக்கு முன்பிருந்தவர் கற்றுத்தந்த பாடம். அவருக்கு அதற்கு முன்பிருந்தவர். பொதுமக்களின் மூளை சூடாகாமல் பார்த்துக்கொள்ள இத்தனை தலைமுறையாக ஒரு துறை பாடுபட்டிருக்கிறது. நன்றி சொல்லத்தான் ஆளில்லை.

அப்படிக் குழம்பாமல் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு ஜோடி, கப்பல் சமையல்காரரும் கண்ணாடிக்கடைப் பெண்ணும். அவர் சரக்குக் கப்பலில் இருபத்தேழு பேருக்குச் சமைப்பவர். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்து வில்லை பொருத்துபவள். ஆறு தடவை வந்துபோய்விட்டார்கள். முதல் தடவை, புகைப்படத்தில் சமையல்காரரின் பல் தெரிந்தது. இரண்டாம் தடவை பல்லை மறைத்து எடுத்து வந்தார்கள். பெண்ணின் இடது காது தெரியவில்லை. பிறகு மையின் நிறம், பிறகு சாட்சியின் கையெழுத்து கோட்டைத் தொட்டது, இப்படியே வளர்ந்தது. ஏழாவது தடவை அவர்கள் வந்த திங்கட்கிழமை காலை, தலைமை எழுத்தர் தேம்பிக்கொண்டிருந்தார்.

“சார், எல்லாம் திருத்திட்டோம்” என்று ஓட்டைக்குள் குனிந்து சொன்னாள் கண்ணாடிக்கடைப் பெண். அப்புறம்தான் அவர் கண்ணைப் பார்த்தாள். “ஐயோ, என்ன சார் ஆச்சு? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“ஆயிரம் வருஷம்மா!” தலைமை எழுத்தரின் குரல் உடைந்தது. “ஆயிரம் வருஷமா அந்தப் பொண்ணு பனியில நிக்குது. எதுக்கு? ஒரே ஒரு முத்திரைக்கு!”

கைப்பேசியில் கொக்குக் குமாரி தேவலோக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணம் செல்லுபடியாக வேண்டுமானால் இருவர் பெயரும் தேவலோகத் திருமணப் பேரேட்டில் ஏற வேண்டும். அந்தப் பேரேட்டைக் காப்பவர் ஏட்டுத்தேவர். இடுப்புவரை தாடி. ஒரு தடவை அவள் வந்தபோது, இணைத்த இறகு போதிய வெண்மையாக இல்லை என்று திருப்பி அனுப்பினார். அடுத்த முறை இறகின் காம்பு வளைந்திருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நூற்றைம்பது ஆண்டு.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். “நாங்க ஏழு வாரமா நிக்கிறோம் சார்.”

“ஏழு வாரம்!” அழுகைக்கு நடுவிலும் தலைமை எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தக் காலத்துப் பிள்ளைங்களோட பொறுமை எந்த லட்சணத்துல இருக்கு பாருங்க.”

“எங்களுக்கும் நிக்கிறதுல ஒண்ணும் இல்ல சார்” என்றாள் அவள். “சனிக்கிழமை இவருக்குக் கப்பல். போனா பதினோரு மாசம். எங்கப்பா நாலு வருஷம் மல்லுக்கட்டிட்டு இப்பத்தான் சரின்னு சொல்லியிருக்கார். சான்றிதழ் கையில இருந்தா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. இல்லன்னா பதினோரு மாசத்துல அவர் மனசு பதினோரு தடவை மாறும். போன வாரமே என் ஜாதகத்தை வெளியே எடுத்துத் தூசி தட்டிட்டு இருந்தார்.”

தலைமை எழுத்தர் மனுவைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். கை அதற்குமேல் இல்லை. கண்ணாடிக்கடைப் பெண் அந்தக் கையையே பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

“ரெண்டாவது சாட்சியோட விலாசம். ‘மாடிப்படிக்குப் பக்கத்து வீடு’ன்னு இருக்கு. வலது பக்கமா, இடது பக்கமா?”

“ஏறும்போது வலது பக்கம் சார்” என்றார் சமையல்காரர்.

“இறங்கும்போது?”

சமையல்காரர் யோசித்தார். “இடது.”

“பாத்தீங்களா? இதைத்தான் தெளிவா எழுதிட்டு வாங்கன்னு சொல்றேன்.”

“இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே சார்?”

“முதல் தடவை சொல்ல வேண்டியதை முதல் தடவை சொன்னேன்” என்றார் தலைமை எழுத்தர், மரபின் காவலராக. பிறகு மனமிரங்கி, “கவலைப்படாதீங்க. உண்மைக் காதல் காத்திருக்கும்மா” என்று ஆறுதலும் சொன்னார். ஆறுதலுக்குக் கட்டணம் கிடையாது.

அன்று மாலை வீட்டில் அவர் நாற்பத்தைந்தாம் பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது சொட்ட ஆரம்பித்தபோது தொடரில் வெள்ளைமுடி பிறக்கவேயில்லை.

“ஏங்க, அந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்” என்றாள் மனைவி.

“அவன் ரத்தம் கக்கறான். இப்ப வந்து குழாய்ங்கறியே!”

“எவன்?”

“அவளுக்காகத் தன்னோட ஆயுசுல பாதியைக் கொடுத்துட்டான். காதல்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்” என்றாள் மனைவி. “அரை அங்குல வாஷர்.”

வெள்ளைமுடி ரத்தம் கக்கினான். குழாயும் தன் பங்குக்குச் சொட்டியது.

புதன்கிழமை கண்ணாடிக்கடைப் பெண் மதிய நேரத்தில், கடையிலிருந்து ஓடிவந்து, ‘ஏறும்போது வலது, இறங்கும்போது இடது’ என்று திருத்திய மனுவைக் கொடுத்துவிட்டுப் போனாள். தலைமை எழுத்தர் அதைக் கோப்பில் சேர்த்து மேசை ஓரத் தட்டில் வைத்தார். எட்டாவது குறையை நிதானமாகக் கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கண்டுபிடிக்கும் குறையில் தரம் இருக்காது. உணவுப் பெட்டியைத் திறந்தார். பாட்டிலில் கைப்பேசியைச் சாய்த்தார். நாற்பத்தேழாம் பாகம்.

அந்தப் பாகத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வது பாவம்; ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கொக்குக் குமாரி எட்டாவது முறையாக வாசலுக்கு வருகிறாள். வெள்ளைமுடி பாதாளப் போருக்குக் கிளம்ப இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது; அவளுடைய தந்தைக் கொக்கோ வேறு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறது. ஏட்டுத்தேவர் இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தாடியை நீவுகிறார். ‘இறகு சரி. ஆனால் இது இடது சிறகின் இறகா, வலது சிறகின் இறகா?’ என்கிறார். கொக்குக் குமாரி அங்கேயே சுருண்டு விழுகிறாள்.

“அடப்பாவி!” தலைமை எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். சோற்றுக் கையோடு மேசையைக் குத்தினார். “எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்லித் தொலைச்சா உன் தாடி உதிர்ந்திருமா?”

கணினிக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். மேசை ஓரத்தில் இருந்த கோப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினார். நல்ல தாள் தேட நேரமில்லை. அலுவலகக் குறிப்புத்தாள்தான் கையில் அகப்பட்டது. இருபத்தாறு வருடப் பழக்கம், பேனா தானாகவே பத்திகளுக்கு எண் போட்டது.

‘1. இவ்விருவரும் ஒருவரையொருவர் மனமார விரும்புகின்றனர். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

2. வெள்ளைமுடி இன்னும் மூன்று நாளில் புறப்பட வேண்டியவர். உயிரோடு திரும்புவாரா என்று தெரியாது. அதற்குள் பெயர் பேரேட்டில் ஏறாவிட்டால், கொக்குக் குமாரியை அவளுடைய தந்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடும் அபாயம் உள்ளது.

3. எட்டுத் தடவை அலைந்தும், தடவைக்கு ஒன்றாகக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியுள்ள ஏட்டாளருக்கு இதயம் என்ற உறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

4. எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

5. ஆகவே, இவர்களை இனியும் அலைக்கழிக்காமல் உடனே சேர்த்து வைக்கவும், மேற்படி ஏட்டாளரை மேலுலகப் பதவியிலிருந்து இறக்கிக் கீழுலகில் வெளிச்சமில்லாத இடத்தில் மூன்று பிறவிக்கு வைக்கவும், முடிந்தால் கொக்காக மாற்றி ஒற்றைக் காலில் நிறுத்தவும் பரிந்துரைக்கப்படுகிறது.’

கீழே சுருக்கொப்பம் போட்டார். தேதி போட்டார். அதுவும் பழக்கம்தான். கணினிக்காரப் பெண் தட்டச்சு செய்யட்டும் என்று தட்டில் இருந்த கோப்பின்மேல் வைத்துவிட்டு, அழுத முகத்தைக் கழுவப் போனார்.

இங்கே ஓர் அலுவலக விதியை நினைவுகூர்வது அவசியம். ‘தட்டில் தனியாகக் கிடக்கும் தாள், அதற்கு அடியில் இருக்கும் கோப்புக்குச் சொந்தம்.’ காகிதங்கள் தொலைவதைத் தடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் சுற்றறிக்கையாக வந்த விதி. எழுதியவர் நம் தலைமை எழுத்தர். கோப்பு கட்டுகிற ஊழியர் அந்த விதியை மனப்பாடமாக வைத்திருந்தார். வந்தார், தாளைக் கோப்பில் சேர்த்தார், நாடாவால் கட்டினார், பதிவாளர் அம்மாவின் அறைக்குக் கொண்டுபோனார். முகம் கழுவிவிட்டு வந்த தலைமை எழுத்தர், தாளைக் காணாததால் கணினிக்காரப் பெண் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தார். கோப்பைக் காணாததை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பதிவாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க. ரெண்டு தடவை படிச்சேன். என்னால முடியல. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் தன்னைப் பத்தித் தானே இப்படிக் குறிப்பு எழுதி நான் பார்த்ததில்லை.”

“எதைச் சொல்றீங்க மேடம்?”

“என்ன உவமை! வெள்ளைமுடின்னா அந்தச் சமையல்காரர் தலையில போடற வெள்ளைத் தொப்பி. கொக்குன்னா அந்த ஒல்லிப் பொண்ணு. எனக்கே கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சது.”

கோப்பை அவர் பக்கம் திருப்பினார். தலைமை எழுத்தர் கையை நீட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருடைய எழுத்து. அவருடைய சுருக்கொப்பம். அடியில் பச்சை மையில் உத்தரவு.

‘பரிந்துரை ஏற்கப்படுகிறது. இணையரின் திருமணம் இன்றே பதியப்படட்டும். ஏட்டாளர் இரண்டாம் தளத்திலிருந்து நிலவறையில் உள்ள பழைய பதிவேட்டு அறைக்கு மாற்றப்படுகிறார். மூன்று பிறவி என்பதற்குப் பணி விதிகளில் இடமில்லை. மூன்று ஆண்டு என வாசிக்கவும். கொக்காக மாற்றுவது இவ்வலுவலகத்தின் அதிகார வரம்பில் இல்லை.’

“மேடம், இது… இது நாடகம் மேடம்!”

“எது நாடகம்? கையெழுத்து உங்களுதுதானே?”

“ஆமா.”

“எட்டுத் தடவை வர வச்சது?”

“அது நடைமுறை மேடம்.”

“அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். சனிக்கிழமை கப்பல்னு உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?”

“சொன்னாங்க. ஆனா நான் எழுதினது ஒரு தாடிக்காரனைப் பத்தி!”

பதிவாளர் அம்மா மழமழவென்று சவரம் செய்த அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அடக்கம் போதும். இந்தக் குறிப்பை எல்லா அலுவலகத்துக்கும் சுற்றுக்கு விடப்போறேன். நாளைக்கே கீழ போயிடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை அவர் தண்ணீர்ப் பாட்டிலோடு நிலவறைக்கு இறங்கினார். அங்கே கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. பழைய பேரேடுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் வாஷர் போயிருந்தது. உட்கார்ந்து, மாறுதலை ரத்து செய்யக் கோரி ஒரு மனு எழுதி, மூன்று மாடி ஏறி, தன் பழைய ஓட்டைக்குள் குனிந்து நீட்டினார். அந்தப் பக்கம் கணினிக்காரப் பெண், பொறுப்புத் தலைமை எழுத்தராக, உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அந்த ஓட்டை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று அவர் இடுப்புக்குத் தெரிந்தது.

“ஓரம் விடாம எழுதியிருக்கீங்க சார்.”

“அவ்வளவுதானே?”

“இன்னைக்கு அவ்வளவுதான் சார்.”

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

மதியம் கண்ணாடிக்கடைப் பெண் நிலவறைக்கு வந்தாள். கப்பல் நிறுவனத்துக்குச் சான்றிதழின் நகல் ஒன்று வேண்டும்; நகல் கொடுப்பது நிலவறையின் வேலை. அவரைப் பார்த்ததும் கையைக் கூப்பிவிட்டாள்.

“சார், உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன்! உங்களாலதான் எல்லாம் நடந்துச்சு. நீங்க எழுதினதை மேடம் படிச்சுக் காட்டினாங்க. கொக்குன்னு என்னைத்தான் சொல்றீங்கன்னு எனக்கு முதல்ல புரியல. இவர்தான் சொன்னார், நீ ஒல்லியா இருக்கேல்ல, அதான்னு. எங்கப்பாவே கேட்டுட்டு அழுதுட்டார்.”

தலைமை எழுத்தர் அந்த நன்றியை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நிலவறையில் வெளிச்சம் குறைவு. பொய் சொல்வதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அது உங்களைப் பத்தி இல்லம்மா. அது ஒரு சீரியல். சீனத்து சீரியல்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். குழாய் நாலைந்து சொட்டு சொட்டியது.

“அப்ப எங்களைப் பத்தி என்ன எழுத இருந்தீங்க?”

“சாட்சி வீட்டுக் கதவு… உள்பக்கமா திறக்குதா, வெளிப்பக்கமான்னு.”

அவள் கோபப்படவில்லை. நகல் கேட்டு எழுதிய சீட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் நீட்டினார். அவள் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொன்னாள், தொழில்காரிக்கே உரிய கரிசனத்தோடு.

“உங்களுக்குத் தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியுது சார். கிட்ட இருக்கறதுதான் தெரியல. வெள்ளெழுத்து, இந்த வயசுல வர்றதுதான். ஒருநாள் கடைக்கு வாங்க.”

“எத்தனை தடவை வரணும்?” என்றார் தலைமை எழுத்தர்.

“ஒரு தடவை போதும் சார். எங்க கடையில எல்லாக் குறையையும் ஒரே தடவையில சொல்லிடுவோம்.”